எத்தனை விசில்?

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த மகள் முதல் வாரமே போன் செய்தாள். "அப்பா, சாதத்துக்கு எத்தனை விசில்ப்பா?" தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, போனை மனைவியிடம் நீட்டினேன். "மூணு" என்றாள் அவள், அடுப்பிலிருந்து திரும்பாமலே. கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அக்கா விடவில்லை. "மூணுல என்ன வேகும்? அஞ்சு விடச் சொல்லு." கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவுக்குக் காது மந்தம். ஆனாலும் இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் எப்படியோ கேட்டுவிடும். "விசிலாம் விசில். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாக்கச் சொல்லுடா" என்றாள்.

மூன்று பேரும் பல ஆயிரம் முறை உலை வைத்தவர்கள். மூவர் ஆக்கும் சோறும் நன்றாகவே இருக்கும். ஆனால் சோறு எப்படி வேகிறது என்று துருவிப் பார்த்தால், ஆய்வுக்கூடத்துக்கு மிக அருகில் நிற்பது அம்மாவின் பதில்தான். விசில் எண்ணிக்கைக்கு அங்கே இடமே இல்லை.

அரிசியில் பத்தில் எட்டுப் பங்கு மாவுச்சத்து. அது மணிக்குள் மிகச் சிறிய துகள்களாக அடைந்து கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய இருநூறு துகள்களை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியவை. குளிர்ந்த தண்ணீரில் போட்டால் இந்தத் துகள்கள் கொஞ்சம் ஈரம் இழுத்துக்கொள்ளும், அதற்கு மேல் அசையாது. தண்ணீரும் சூடும் சேர்ந்து வந்தால்தான் கட்டு குலையும். அரிசி ரகத்தைப் பொறுத்து 55 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் துகள் ஊதிப் பெருத்து, உள்ளே ஒழுங்காக அடுக்கியிருந்த சர்க்கரைச் சங்கிலிகள் அவிழ்ந்து, கூழாகிவிடும். வேகுதல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

கொதிக்கிற தண்ணீரின் சூடு 100 டிகிரி. தேவையோ 80. பிறகு ஏன் இருபது நிமிடம், புழுங்கல் என்றால் அரை மணி நேரம், காத்திருக்கிறோம்? சூடு போய்ச் சேரவில்லை என்பதாலா? இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத மணியின் நடுவுக்குச் சூடு சில நொடிகளில் போய்விடும். போகாதது தண்ணீர். வெளியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக நனைத்து, கூழாக்கி, அந்தக் கூழின் வழியாகவே நுழைந்து அடுத்த அடுக்கைத் தொட வேண்டும். நாம் அடுப்படியில் நிற்கும் நேரமெல்லாம் தண்ணீரின் நடைக்காகத்தான். சோற்றைத் தீ வேகவைக்கிறது என்று நினைத்துத் தீயைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். பார்க்க வேண்டியது தண்ணீரை.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். பச்சரிசி ஒரு பிடியை அரை மணி நேரம் ஊற வையுங்கள். கண்ணாடிபோல் இருந்த மணி சுண்ணாம்பு வெள்ளையாகும், நகத்தால் அழுத்தினால் பட்டென்று ஒடியும். தண்ணீர் பாதி வழி வந்துவிட்டது என்று பொருள். ஊற வைத்த அரிசி சீக்கிரம் வேகும் ரகசியம் இவ்வளவுதான். அடுத்து, உலை கொதித்துப் பத்து நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்து எவர்சில்வர் தட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். ஓரமெல்லாம் தெளிந்து, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். தண்ணீர் இன்னும் எட்டாத இடம் அது. மூன்று நிமிடம் கழித்து நசுக்கினால் புள்ளி சிறுத்திருக்கும். பிறகு காணாமல் போகும். அரிசி ஆய்வுக்கூடங்களில் வேகும் நேரத்தை அளப்பதும் இப்படித்தான். பருக்கைகளை எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். பத்தில் ஒன்பதில் வெள்ளைப் புள்ளி மறைந்திருந்தால் வெந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அம்மாவிடம் கண்ணாடித் தகடு இல்லை, கட்டைவிரல் இருக்கிறது.

ஆய்வுக்கூடம் பத்துப் பருக்கை கேட்கிறது, நம் பழமொழியோ ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு போதும் என்கிறது. பழமொழி தப்பா? வடிக்கிற சோற்றுக்கு அது சரியாகவே பொருந்தும். அகலமான பானையில் அரிசியைப்போல ஐந்தாறு மடங்கு தண்ணீர். அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு என்று கொதி ஒவ்வொரு பருக்கையையும் சுற்ற விட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லாப் பருக்கைக்கும் ஒரே சூடு, ஒரே தண்ணீர், ஒரே நேரம். எந்தப் பருக்கையை எடுத்தாலும் மற்றதன் கதையைச் சொல்லும். குக்கரில் அளந்து தண்ணீர் வைத்து ஆக்கும்போது இந்தச் சுற்று கிடையாது. அரிசி படிந்த இடத்தில் படிந்தபடி இருக்கும். அடியில் குழைந்திருக்கும், மேலே விறைத்திருக்கும். மேலாக எடுத்த ஒரு பருக்கை அடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்தப் பழமொழியைச் சொன்னவர் வீட்டில் நிச்சயமாகக் கஞ்சி வடித்திருக்கிறார்கள்.

ஆக, வீட்டில் சோறாக்க உள்ள வழிகள் அடிப்படையில் இரண்டுதான். நிறையத் தண்ணீர் வைத்து, வெந்ததும் மிச்சத்தை வடிப்பது ஒன்று. தேவையான தண்ணீரை மட்டும் வைத்து, அதை அரிசியே குடிக்கும்படி விடுவது இன்னொன்று. பானை, பிரஷர் குக்கர், மின்சாரக் குக்கர், மைக்ரோவேவ் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

இரண்டாவது வழியில் மிக அழகான கருவி மின்சார ரைஸ் குக்கர். ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955-ல் அதைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி என்ற சிறு தொழிற்கூட உரிமையாளர். நாள் கணக்காகச் சோறாக்கிப் பார்த்து, சூட்டையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. அவர்களுக்கு இருந்த சிக்கல், சோறு வெந்துவிட்டது என்று ஒரு இயந்திரத்துக்கு எப்படித் தெரிவிப்பது என்பது. பாத்திரத்துக்கு வெளியே இன்னொரு பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்தார்கள். அது ஆவியாகித் தீர இருபது நிமிடம் ஆகும். தீர்ந்ததும் சூடு 100 டிகிரியைத் தாண்டும், தாண்டியதும் உலோகப் பட்டை வளைந்து சுவிட்சை அணைக்கும்.

இன்று நம் வீடுகளில் உள்ள சாதாரணக் குக்கரில் அந்த வெளித் தண்ணீர் இல்லை. பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதற்குள் இருப்பது காந்தம். குறிப்பிட்ட சூட்டில் காந்தத் தன்மையை இழக்கும் பொருளாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள், நூறுக்குச் சற்று மேலே. பாத்திரத்தில் நீர்மமாகத் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி நூறைத் தாண்டாது. கொடுக்கிற சூட்டையெல்லாம் தண்ணீர் ஆவியாகவே வாங்கிக்கொள்ளும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்த நிமிடம் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் தள்ளும், 'டக்'. குக்கருக்கு அரிசியைத் தெரியாது. வெந்ததா என்றும் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் தண்ணீர் குறைத்து வைத்தால் வேகாத சோற்றோடு அணைகிறது, கூட்டி வைத்தால் கூழாக்கிவிட்டு அணைகிறது. அளவு தப்பினால் குற்றம் நம்முடையது.

அளவு என்று வந்ததும் ஒரு பழைய சண்டை. ஒன்றுக்கு இரண்டு, புழுங்கல் என்றால் ஒன்றுக்கு மூன்று என்று டம்ளர் கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு டம்ளருக்குச் சரியாக வந்த கணக்கு, விருந்தாளி வந்த நாளில் ஐந்து டம்ளருக்கு வைத்தால் குழைந்துபோகிறது. காரணம் எளிது. வைக்கிற தண்ணீரில் ஒரு பகுதி அரிசிக்குள் போகிறது, இன்னொரு பகுதி ஆவியாகப் போகிறது. அரிசிக்குள் போவது அரிசியின் அளவோடு சேர்ந்து கூடும். ஆவியாவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் மூடியையும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி ஐந்து மடங்கானால் அதுவும் ஐந்து மடங்காகாது. ஒரு டம்ளர் அரிசி வெறுமனே வேக ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரே போதும், சோறு சற்று விறைப்பாக இருக்கும். அதற்கு மேல் வைப்பதெல்லாம் ஆவிக்கும் நம் நாக்கு கேட்கும் குழைவுக்கும். வடித்து இறக்கிய சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான்.

வடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். தண்ணீர் தாராளமாக இருக்கிறது, பதம் பார்த்து நிறுத்தினால் போதும். நம் பாட்டிமார் அளவுக் கோப்பை இல்லாமல் ஐம்பது பேருக்கு ஆக்கியது இதனால்தான். புது அரிசியானாலும் பழைய அரிசியானாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அறுவடையாகி மாதங்கள் ஆக ஆக அரிசியின் புரதமும் மாவுச்சத்தும் இறுகி, தண்ணீரை அதிகம் இழுக்கும், மணி உதிரியாக நிற்கும். புது அரிசி கொஞ்சம் கூடினாலே பிசுபிசுக்கும். போன மாதம் வரை நன்றாக வந்த குக்கர் சோறு புது மூட்டை பிரித்ததும் களியாவது இப்படித்தான். பழியைக் கடைக்காரர் மேல் போட்டுவிடுவோம்.

இனி விசிலுக்கு வருகிறேன். 1679-ல் தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் இறுக மூடிய ஒரு பாத்திரம் செய்தார். எலும்பை மெத்தென்று வேகவைப்பது நோக்கம். 1682-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதிலேயே சமைத்து விருந்து வைத்தார். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க மேலே எடை தொங்கும் ஒரு வால்வு பொருத்தினார். நம் குக்கரின் வெயிட் அந்த வால்வின் பேரப்பிள்ளை. ஆவியை அடைத்துவைத்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும். நம் குக்கர்களில் அது 120 டிகிரி வரை போகிறது.

விசில் என்பது என்ன? உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டது, மிச்ச ஆவியை வெளியே விடுகிறேன் என்ற அறிவிப்பு. அவ்வளவுதான். முதல் விசில் வந்தபோது உள்ளே என்ன சூடோ, ஐந்தாவது விசிலிலும் அதே சூடு. அப்படியானால் விசில்களின் எண்ணிக்கை எதை அளக்கிறது? நேரத்தை, அதுவும் மோசமாக. தீயைக் கூட்டினால் நாலு நிமிடத்தில் மூன்று விசில் வரும். சிம்மில் வைத்தால் பத்து நிமிடமானாலும் ஒன்றுகூட வராது. கேஸ்கெட் தளர்ந்திருந்தால், வெயிட்டின் துளையில் கஞ்சி காய்ந்திருந்தால், பெரிய குக்கரில் கொஞ்சம் அரிசி வைத்திருந்தால், எல்லாமே மாறும். என் மனைவியின் மூன்றும் அக்காவின் ஐந்தும் பெரும்பாலும் ஒரே நேரம்தான். இவள் தீயை அடக்கி வைக்கிறாள், அவள் எரிய விடுகிறாள். ஒருத்தியின் எண்ணை இன்னொருத்தியின் அடுப்புக்குக் கொண்டுபோனால்தான் தகராறு.

விசில் அடிப்பதில் நஷ்டமும் இருக்கிறது. அழுத்தம் சீராக இருக்கும்வரை உள்ளே தண்ணீர் அடங்கியே இருக்கும். வெயிட் தூக்கி ஆவி பீறிடும் நொடியில் அழுத்தம் சரியும், சரிந்ததும் உள்ளே எல்லாம் குபீரென்று கொதிக்கும், கஞ்சி நுரைத்து வெயிட் வழியாக வழியும். அடுப்படிச் சுவரில் தெறித்திருக்கும் வெள்ளைப் புள்ளிகள் அந்தக் கொதியின் சாட்சி. அவசரத்துக்குக் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுகிறோமே, அப்போதும் இதுதான் நடக்கிறது. பருக்கைக்குள் இருக்கும் தண்ணீரே ஆவியாகி மணியை வெடிக்க வைக்கிறது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைப்பதே சரி. அணைத்த பிறகு குக்கரை அதன் போக்கில் அடங்க விட வேண்டும். அடங்குகிற நேரத்தில், அடியில் கூடுதலாக இருந்த ஈரம் மேலேயும் பரவும்.

குக்கருக்கு எதிராகப் பேசிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலை நிமித்தமாக உதகையில் இரண்டு வருடம் குடியிருந்தேன். 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூடு குறைந்தால் மணிக்குள் தண்ணீரின் நடையும் மந்தமாகும். தளதளவென்று கொதிக்கிறது, ஆனால் ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் புழுங்கலரிசி பிடிவாதமாகக் கல்போல நிற்கிறது. போன புதிதில் ஒரு மணி நேரம் உலையோடு மல்லுக்கட்டிவிட்டுப் பன் வாங்கித் தின்ற இரவுகள் உண்டு. குக்கர் வாங்கிய பிறகே சோறு தின்றேன். மலையிலும் குக்கருக்குள் 115 டிகிரிக்குக் குறையாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் குடிபோகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் குக்கரை மறக்கக் கூடாது.

பாத்திரத்தைவிடப் பெரிய விஷயம், அதில் விழுகிற அரிசி. மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் நீண்ட நூல்போல இருக்கும். அமைலோபெக்டின் கிளை பிரிந்த முள்மரம்போல இருக்கும். அமைலோஸ் நூற்றுக்கு 25-க்கு மேல் இருந்தால் சோறு பொலபொலவென்று உதிரும், ஆறினால் விறைக்கும். 20-க்குக் கீழே போனால் மெத்தென்று ஒட்டும். ஜப்பான் அரிசி குச்சியால் எடுத்துத் தின்ன வாகாக ஒட்டிக்கொள்வது அமைலோஸ் குறைவு என்பதால். குழம்பு ஊற்றிப் பிசைந்து தின்னும் நமக்கு உதிரியே வசதி.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. பச்சரிசியா, புழுங்கலா? புழுங்கல் என்பது ஏற்கெனவே ஒரு முறை வெந்த அரிசி. நெல்லை உமியோடு ஊற வைத்து, அவித்து, காய வைத்து, பிறகு அரைக்கிறார்கள். அவிக்கும்போது மாவுச்சத்து கூழாகி, காயும்போது மறுபடி இறுகி, மணியில் இருந்த விரிசலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி அவிழ நேரம் கேட்கிறது. தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் தண்ணீரோடு கரைந்து மணிக்குள் இறங்கிவிடுகின்றன. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும்.

இந்த வைட்டமின் விவகாரம் உயிர் குடித்த கதை. பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து ஆளைக் கொல்லும். ஜாவாவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்தியான் எய்க்மான், தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதையும், தீட்டாத அரிசி போட்டதும் அவை எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். அதற்காக 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1918-ல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அதுதான். பழைய சென்னை மாகாணத்தில் நோய் குவிந்திருந்தது வடக்குக் கரையோரத் தெலுங்கு மாவட்டங்களில். அங்கே சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. புழுங்கல் சாப்பிட்ட தெற்கு மாவட்டங்களில் அரிசியே முக்கிய உணவாக இருந்தும் நோய் அண்டவில்லை. ஏழைச் சோறு என்று இன்றும் சில வீடுகளில் முகம் சுளிக்கப்படுகிற புழுங்கல், அப்படி ஒரு காவலாக நின்றிருக்கிறது.

இதிலிருந்து அடுப்படிக்கு ஒரு விதி கிடைக்கிறது. பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. பச்சரிசியை நாலைந்து முறை தேய்த்துக் களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியைத் தொட்டியில் கொட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பச்சரிசிக்கு அளந்து தண்ணீர் வைத்து ஆக்குவதே நல்லது. புழுங்கலை வடிக்கலாம், இழப்பு குறைவு. கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துக் குடித்துவிட்டால் அந்த இழப்பும் இல்லை. ரேஷன் அரிசி பற்றி ஒரு வார்த்தை. அதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள் கலந்திருக்கலாம். களையும்போது சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி அவற்றை அள்ளி வெளியே போடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் அடுத்த வாதம். "வடிச்ச சோத்துல சுகர் போயிடும்" என்று டாக்டரின் காத்திருப்பு அறையிலேயே பேசிக்கொள்கிறார்கள். சர்க்கரையை வடிகட்டும் குக்கர் என்று விளம்பரமும் வருகிறது. கஞ்சி கெட்டியாக இருப்பதைப் பார்த்தால் நிறைய மாவுச்சத்து போய்விட்டதுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மைக்குக் கொஞ்சம் மாவே போதும். ஒரு கரண்டி மைதா ஒரு சட்டி சூப்பைக் கெட்டியாக்குவதை நினைத்துப் பாருங்கள். கஞ்சியோடு போவது அரிசியின் எடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டுவது அரிது, புழுங்கலில் இன்னும் குறைவு. மிச்சம் தொண்ணூறும் தட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டால் வடித்த லாபம் தீர்ந்தது.

ரத்தச் சர்க்கரை ஏறும் வேகத்தை மாற்றுவதில் வடிப்பதைவிட ரகத்துக்கும் பதத்துக்கும் பங்கு அதிகம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ-வும் 235 ரகங்களை ஆராய்ந்தபோது, கிளைசெமிக் குறியீடு 48-லிருந்து 92 வரை பரந்து கிடந்தது. அரிசி என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது எத்தனை வேறுபட்ட பொருள்கள் பாருங்கள். குழைய வெந்த சோறு விறுவிறுவென்று செரிக்கும். சற்று விறைப்பாக இறக்கியது மெதுவாகச் செரிக்கும்.

ஆறிய சோற்றில் அவிழ்ந்த அமைலோஸ் நூல்கள் மறுபடி இறுகிக்கொள்வதால் ஒரு பங்கு செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது என்பதும் உண்மை. 2015-ல் கொழும்பிலிருந்து சுதைர் ஜேம்ஸும் புஷ்பராஜா தவராஜாவும், தேங்காயெண்ணெய் சேர்த்து வேகவைத்துப் பன்னிரண்டு மணி நேரம் குளிரூட்டினால் இந்தப் பங்கு பல மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். உலகமெங்கும் அது 'பாதி கலோரிச் சோறு' என்று பரவியது. பரிசோதனை நடந்தது ஆய்வுக்கூடத்தில். மனிதர்களுக்குக் கொடுத்து அளந்த பிறகு வந்த முடிவல்ல அது. நான் அதை நம்பி இரண்டாவது தட்டு வைத்துக்கொள்ள மாட்டேன். ஆற வைப்பதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் வெளியே கிடந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சீக்கிரம் ஆற்றி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

வடிப்பதற்கு ஆதரவாக வலுவான சான்று வேறு திசையிலிருந்து வருகிறது: ஆர்செனிக். வங்கத்திலும் வங்கதேசத்திலும் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் நஞ்சு இது. நெல், தண்ணீர் நிற்கும் வயலில் வளர்வதால், மற்றத் தானியங்களைவிட அதிகமாக இதை உறிஞ்சிவிடும். 2020-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் ஒரு வழி சொன்னார்கள். முதலில் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது, பிறகு புதுத் தண்ணீர் அளந்து வைத்துச் சிறு தீயில் மூடி, அரிசியே குடிக்கும்படி விடுவது. தீட்டிய அரிசியில் ஆர்செனிக் 74 விழுக்காடு குறைந்தது, தீட்டாததில் பாதிக்கு மேல். சமைக்கிற தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் இது பலிக்கும்.

கேஸ் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். அரை கிலோ அரிசிக்கு மூன்று லிட்டர் உலை வைத்தால், அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 880 கிலோஜூல் வேண்டும். அடுப்பில் வீணாவது போக, ஒரு கிராம் கேஸ் 30 கிலோஜூல் தரும் என்று வைத்தால் 29 கிராம். குக்கரில் ஒன்றேகால் லிட்டரை 120 டிகிரிக்கு ஏற்ற 16 கிராம் போதும். வித்தியாசம் பெரிதில்லை. உண்மையான செலவு அதற்குப் பிறகு நடக்கிறது. கொதிக்கத் தொடங்கியதும் தீயை அப்படியே விட்டால் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். கால் லிட்டர் ஆவியாகப் போனால் 19 கிராம் கேஸ் கூரைக்குப் போகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, தட்டைச் சாய்த்து மூடினால் வடிக்கிறவர்களும் சிக்கனமாக ஆக்கலாம். தினம் 30 கிராம் வித்தியாசம் என்றாலும் வருடத்துக்கு ஒரு சிலிண்டருக்குக் குறைவுதான். அதுவும் மிச்சமாக வேண்டும் என்றால் கேரளத்தைப் பார்க்கலாம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் பரப்பிய சூடாறாப் பெட்டிக்குள், கொதி வந்த பானையைத் தூக்கி வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். தேவை 80 டிகிரியும் தண்ணீரும் நேரமும் மட்டுமே என்பதால், அடுப்பே இல்லாமல் மிச்சச் சோறு வெந்துவிடும்.

எல்லாம் படித்து முடித்து மகளுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். பச்சரிசி என்றால் மின்சாரக் குக்கர் வாங்கிக்கொள், அளவாகத் தண்ணீர் வை, அணைந்த பிறகும் பத்து நிமிடம் திறக்காதே. புழுங்கல் என்றால் ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வடி, கஞ்சியைக் குடி. அவசர நாளில் பிரஷர் குக்கர், முதல் விசில் வந்ததும் சிம், பிறகு கடிகாரம். எதில் ஆக்கினாலும் முதல் தடவை பாட்டி சொன்னபடி நசுக்கிப் பார்த்து, உன் அடுப்புக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடு.

அன்று இரவு ஒரு புகைப்படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் நசுங்கிய ஒரு பருக்கை, நடுவில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புள்ளி. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னும் மூணு நிமிஷம்" என்றாள்.